பத்து நாள் தங்கிப் பார்த்த இடம்

மைசூர் விஜயநகரில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு புறாக் குடும்பம் குடியிருந்தது எங்களுக்குத் தெரியாது. ஒரு பெட்டியை எடுக்க மேலே போனபோதுதான் பார்த்தேன். மகளின் பழைய புத்தக அலமாரியில், நுழைவுத் தேர்வுப் புத்தகங்களுக்கும் சுவருக்கும் நடுவில் கூடு. இரண்டு குஞ்சுகள், இறகு முளைத்து, இன்றோ நாளையோ பறந்துவிடும் போல உட்கார்ந்திருந்தன. உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாகத் தாய்ப்புறா வந்து போய்க்கொண்டிருந்தது. முட்டையிட்டு, அடைகாத்து, இந்த அளவுக்கு வளர்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். அந்த மாதம் முழுக்க நாங்கள் இருவரும் கீழேதான் இருந்தோம்.

கீழே வந்து கணவரிடம் சொன்னேன்.

"கண்ணாடிய மாத்திட்டா போச்சு," என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"அதச் சொல்லல. நாம கடைசியா எப்ப மாடிக்குப் போனோம்?"

பேப்பரை மடித்து வைத்துவிட்டு யோசித்தார். அவருக்கும் நினைவில்லை. அவருக்கு எழுபத்தொன்று, எனக்கு அறுபத்தாறு. அவருக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. ஆனாலும் நானும் போகவில்லை. மேலே வேலை எதுவும் இருக்கவில்லை, அவ்வளவுதான். நான்கு அறைகளை நாங்களே அறியாமல் கைவிட்டிருந்தோம்.

அன்று மாலை மகளிடம் போனில் பேசும்போது, ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகள் எப்படி இருக்கும் என்று போய்ப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் புனேயில் இருக்கிறாள். "நான் ஏதாவது தப்பாப் பேசினேனா அம்மா?" என்றாள். இல்லை, பார்க்கத்தான் ஆசை என்றேன். அது உண்மை. நான் அரசு ஆஸ்பத்திரி பரிசோதனைக் கூடத்தில் முப்பத்து நான்கு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தவள். எந்த விஷயமானாலும் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தால்தான் எனக்குத் திருப்தி. கணவருக்கு அந்தக் குணம் இல்லை. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர். ஓடுகிற வண்டியை நிறுத்திப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் தங்களுக்குக் கிடையாது என்பார்.

"பாக்கறது மட்டும்னா வரேன்," என்றார். "சேர்றதப் பத்திப் பேசக் கூடாது."

முதலில் போனது போகாதி பக்கம் ஓர் ஆறு மாடிக் கட்டடம். டை கட்டிய ஒரு பையன் எங்களைச் சுற்றிக் காட்டினான். மாதிரி வீட்டில் சாப்பாட்டு மேசை மேல் பிளாஸ்டிக் ஆப்பிள், பிளாஸ்டிக் திராட்சை. நான் சமையலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் வரவில்லை. இது பார்வைக்கு மட்டும் மேடம் என்றான். எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"இங்க இருக்கறவங்க அவங்கவங்க வேலைய அவங்களே பாத்துக்கணும்னு எழுதியிருக்கீங்க. சரி. ஒரு நாள் எனக்கு சாப்பாட்டு ஹாலுக்கு நடந்து வர முடியாமப் போனா என்ன பண்ணுவீங்க?"

"ஏன் ஆன்ட்டி அப்படி நினைக்கறீங்க? பாசிட்டிவா யோசிங்க," என்றான்.

வெளியே வந்ததும் கணவர் சொன்னார்: "பாசிட்டிவா யோசிச்சா தண்ணி வருமோ என்னமோ."

இரண்டாவது இடம் நஞ்சன்கூடு சாலையில். அங்கே என் கேள்விக்கு உடனே பதில் கிடைத்தது. தூக்கி வர ஆள் இருக்கிறது, கட்டில் இருக்கிறது, ஆக்ஸிஜன் இருக்கிறது, மணி அடித்தால் நர்ஸ் வருவார். எல்லாவற்றையும் திறந்து காட்டினார்கள். ஆனால் கூடத்தில் பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உள்ளே வந்ததை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பினாயில் வாசனையில் நான் முப்பத்து நான்கு வருடம் இருந்தாயிற்று. எனக்கு ஆஸ்பத்திரி மேல் வெறுப்பு இல்லை. ஓய்வு பெற்ற பிறகு மறுபடி அங்கேயே போய்ச் சேர வேண்டுமா என்றுதான் தோன்றியது.

மூன்றாவது, குண்டலுபேட்டை போகும் வழியில், பிரதான சாலையிலிருந்து உள்ளே தள்ளி. நாற்பது வீடுகள், எல்லாம் ஒற்றைத் தளம், ஓட்டுக் கூரை. நடுவில் சாப்பாட்டுக் கூடம், ஒரு சின்ன நூலகம், நடக்க ஒரு பாதை. பின்னால் யாரோ ஒருவருடைய வாழைத் தோட்டம். மேலாளர் நாற்பது வயதுப் பெண்மணி. கன்னடத்தில்தான் பேசினார். என் கேள்வியைக் கேட்டதும் அவர் சிரிக்கவில்லை. ஆறுதலும் சொல்லவில்லை.

"ரூல்ஸ் இருக்கு மேடம். வருஷத்துக்கு ஒரு தடவ டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்கறோம். தனியா சமாளிக்க முடியாதுன்னு வந்தா, கூட ஆள் வச்சுக்கணும், இல்லன்னா வீட்டைக் காலி பண்ணணும்."

"இதுவரைக்கும் யாராவது காலி பண்ணிருக்காங்களா?"

"மூணு பேர்," என்றார். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டே, "நீங்க வேணும்னா பத்து நாள் தங்கிப் பாருங்க. அப்புறம் முடிவு பண்ணலாம்," என்றார்.

எனக்கு அந்த 'மூணு பேர்' பிடித்திருந்தது. மறைக்காமல் சொல்கிறார் இல்லையா. கணவரைச் சம்மதிக்க வைக்க ஒரு வாரம் ஆனது. மகள்தான் அவரிடம் பேசினாள். லீவுக்கு ஊட்டி போனதில்லையா, அது போல நினைத்துக்கொள்ளுங்கள் அப்பா என்றாளாம். இரண்டு பெட்டியும் அவருடைய கருவிப் பையுமாகப் போய் இறங்கினோம். லீவுக்குக் கருவிப் பை எதற்கு என்று கேட்டேன். அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

முதல் நாள் மதியமே ஒன்று கவனித்தேன். சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் ஒரு கரும்பலகை. அன்றைய சமையலை அதில் எழுதி வைப்பார்கள். ஒரு வயதானவர், கன்னடப் பேராசிரியராக இருந்தவர், உள்ளே வந்து பலகை முன் நின்று, மேடையில் பேசுவது போல் முழுவதையும் சத்தமாக வாசித்தார். "இன்று, பீன்ஸ் பல்யா. மஜ்ஜிகே ஹுளி. சாறு. அப்பளம்." பொரியல், மோர்க்குழம்பு, ரசத்தின் கன்னடப் பெயர்கள். வாசித்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். இரவும் அதே. மறுநாளும் அதே. பாடம் எடுத்த பழக்கம் விடவில்லை போலிருக்கிறது என்று நானும் கணவரும் சிரித்துக்கொண்டோம்.

இன்னொன்றும் விசித்திரமாக இருந்தது. அங்கே இருந்தவர்கள் ஒரு மேசைக்கு வரும்போது தங்களை அறிவித்துக்கொண்டே வந்தார்கள். "பதினாலாம் நம்பர் வந்தாச்சு." "நானும் என் வீட்டுக்காரரும் வந்துட்டோம்." ஆனால் எல்லா மேசையிலும் அப்படி இல்லை. ஜன்னலோரமாக இருந்த ஒரு மேசையில் மட்டும்தான். அது எனக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது.

அந்த மேசையில் தினமும் உட்கார்பவர் கொள்ளேகால்கார அம்மா ஒருவர். எழுபத்து நான்கு வயது. கணவரோடு பட்டுப் புடவைக் கடை நடத்தியவர். கணவர் போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் எங்களைத் தன் மேசைக்கு அழைத்துக்கொண்டார். நாங்கள் மைசூர்த் தமிழ் பேசுபவர்கள், பாதி கன்னடம் கலந்திருக்கும். அவர் பேசியது ஈரோடு, கோயம்புத்தூர்ப் பக்கம் கேட்கிற தமிழ் மாதிரி இருந்தது.

"பக்கத்துல உக்காருங்க அம்மிணி," என்று என் புடவைத் தலைப்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தார். "பட்டுன்னு சொல்லிக் குடுத்திருப்பாங்க. குறுக்க ஓடுற ஊடை மட்டும்தானுங்க பட்டு. நீளத்துல போற பாவு வேற நூலு."

அது என் தங்கை மகன் கல்யாணத்துக்கு வந்த புடவை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவரை மிகவும் பிடித்துவிட்டது.

பிடித்துவிட்டதால்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தம்ளரில் தண்ணீர் ஊற்றும்போது ஆள்காட்டி விரலை விளிம்புக்கு உள்ளே வைத்துக்கொள்வார். விரலில் தண்ணீர் பட்டதும் நிறுத்துவார். தட்டில் அப்பளத்தை எடுப்பதற்கு முன் கை ஒரு முறை விளிம்பைச் சுற்றி வரும். என்னைப் பார்த்துச் சிரிப்பார், ஆனால் நான் பேசிய பிறகுதான். மூன்றாம் நாள் நான் பேசாமல் எதிரே போய் உட்கார்ந்தேன். அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருமினேன். "வந்தாச்சுங்களா," என்று திரும்பினார். அப்படிச் செய்ததற்காக எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் என் பரிசோதனை முடிந்துவிட்டது. பலகையை வாசிப்பவரும், தங்களை அறிவித்துக்கொண்டு வருபவர்களும் எதற்காக அப்படிச் செய்கிறார்கள் என்பது அந்த இருமலில் புரிந்துவிட்டது.

அன்று கணவரிடம் சொன்னேன். "நம்ம கொள்ளேகால் அக்காவுக்குக் கண்ணு தெரியல."

"வாழத்தோட்டத்துல குல தள்ளியிருக்கான்னு நேத்துகூட எங்கிட்ட கேட்டாங்களே."

"அதான். கேட்டாங்க. பாத்தாங்களா?"



ஆறாம் நாள் நான்கு மணிக்குக் கொள்ளேகால் அம்மா என்னைக் காப்பிக்கு அழைத்தார். காலை டிபனும் இரண்டு வேளைச் சாப்பாடும்தான் கூடத்தில். காப்பி, பால் எல்லாம் அவரவர் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். சின்ன அடுப்பும் சிலிண்டரும் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அவர் வீடு கண்ணாடி போல் சுத்தமாக இருந்தது. ஒரு பொருளும் தரையில் இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். கொள்ளேகால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் கடையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கல்யாணப் புடவை எடுக்க வருகிற குடும்பத்தில் யார் பேச்சு எடுபடும் என்று வாசலில் செருப்புக் கழற்றும்போதே தெரிந்துவிடும் என்றார். சத்தமாகப் பேசுகிறவர் பேச்சு எடுபடாதாம். ஓரமாக உட்கார்ந்து ஒரு புடவையை மட்டும் மடியில் வைத்துக்கொண்டிருப்பவர் பேச்சுதான் எடுபடுமாம். நான் கதையில் இருந்தேன். அப்போது மூக்கில் ஏறியது. தீய்ந்த பால் வாசனை, அதற்குப் பின்னால் இன்னொன்று.

எழுந்து ஓடினேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. கேஸ் ஸ்ஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. குமிழைத் திருகி மூடினேன். சிலிண்டரை மூடினேன். ஜன்னல் இரண்டையும் திறந்தேன். 

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"எந்நேரமும் பக்கத்துலயேதான் நிப்பேனுங்க," என்றார். "பால் ஏறுற சத்தம் கேக்கும். இன்னைக்கு நீங்க வந்தீங்கன்னு அக்கட்ட வந்து உக்காந்துட்டேன்."

"அக்கா, எத்தன நாளா இப்படி?"

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மூணாம் நாள்."

"கெட்டிக்காரிதான்," என்றார். கோபம் இல்லை. "வலது கண்ணு முழுசாப் போச்சுங்க. இடதுல வெளிச்சமும் நெழலும் தெரியுது. கண்ணுல அழுத்தம்னு சொன்னாங்க. போனது திரும்பாதாமா. எட்டு மாசமா இப்படித்தான். இங்க நாலஞ்சு பேருக்குத் தெரியும். அவங்களாக் கண்டுபுடிச்சதுதான். நான் சொன்னதில்ல. அவங்களும் எங்கிட்டக் கேட்டதில்ல."

"மகன் கிட்ட?"

"கோயமுத்தூர்ல மூணாவது மாடிங்க அவன் வீடு. ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. தங்கமான பையன். சொன்னா நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவான். போனா எனக்கு அங்க ஒரு ரூமு. இங்க எனக்குன்னு ஒரு ஊரே இருக்குது. இந்த வழி, அந்தக் கருவேப்பிலச் செடி, எத்தன எட்டு வெச்சா எந்த வீடு, எல்லாம் காலுக்குத் தெரியுமுங்க."

வேறு பால் வாங்கி வந்து நானே காப்பி போட்டேன். இருவரும் குடித்தோம். ருசி தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார். "ஆபீஸ்ல சொல்லணும்."

"சொன்னா அனுப்பிடுவாங்க. ரூல்ஸ் அதானே?"

"கேஸ் பத்திக்கிச்சுன்னா பக்கத்து வீடும் சேந்துதான் போகும். பணிமனையில ஒரு சின்ன கசிவுன்னாகூட மொத்த ஷெட்டையும் காலி பண்ணுவோம். இதுல பாவம் பரிதாபம் கிடையாது."

"நாம விருந்தாளிங்க. பத்து நாள் தங்க வந்தவங்க."

"விருந்தாளின்னா மூக்கு வேலை செய்யாதா?"

அவர் சொன்னது சரிதான். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. நடக்க முடியாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று மூன்று இடத்தில் கேட்டவள் நான். அதற்கான பதில் இங்கே ஒரு மனுஷியாக என் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பதிலை நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. மேலாளரும் இல்லை, நிர்வாகமும் இல்லை.

காலை நடையில் பேராசிரியரைப் பிடித்தேன். பலகையை ஏன் சத்தமாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டேன். கன்னடத்தில்தான் பேசினோம்.

"வாத்தியார் வேலை பார்த்தவன். குரலுக்குப் பயிற்சி வேண்டாமா?" என்றார்.

"எனக்குத் தெரியும் சார்."

நின்றார். கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு வாழைத் தோட்டத்தைப் பார்த்தார். "ஒரு நாள் பூசணிக்காய்ன்னு நினைச்சு அவங்க மிளகாயக் கடிச்சாங்க. கண்ல தண்ணி வந்தும் ஒண்ணும் சொல்லாமச் சாப்பிட்டாங்க. அன்னையிலேருந்து வாசிக்கறேன்."

கேஸ் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. முகம் மாறிவிட்டது. "சாப்பாட்டு ஹால்ல நடக்கறது மட்டும்தான் எங்க கண்ல பட்டுது," என்றார். "வீட்டுக்குள்ள என்னன்னு யோசிக்கல."

இருவருமாகக் கொள்ளேகால் அம்மா வீட்டுக்குப் போனோம். அது நான் செய்த தவறு என்று இப்போது தோன்றுகிறது. தனியாகப் போயிருக்க வேண்டும். பேராசிரியரின் குரலைக் கேட்டதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. முதுகை நேராக்கிக்கொண்டார்.

"காப்பிக்குக் கூப்பிட்டது என் தப்புங்க," என்றார் என்னிடம். அம்மிணி என்ற சொல் இல்லை.

அன்று மதியம் அவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. இரவும் வரவில்லை. பேராசிரியர் அன்றும் பலகையை வாசித்தார், ஆனால் குரலில் உயிர் இல்லை. மறுநாள் அம்மா வந்தார், ஆனால் ஜன்னலோர மேசைக்கு வரவில்லை. வேறு மேசைக்குப் போகும்போது ஒரு நாற்காலியில் இடித்துக்கொண்டார். பழகாத வழி.  யாரும் உதவிக்கு எழுந்து போகவில்லை. போனால் அவர் அதை விரும்பமாட்டார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஜயநகரில் அடுத்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் பல வருடம் இருந்திருக்கிறேன். இங்கே எட்டு நாளில் ஒருவர் என்னோடு பேசாமல் இருப்பது இவ்வளவு வலிக்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

அன்று காலையிலிருந்து கணவரைக் காணவில்லை. பிற்பகல் திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி. ஊருக்குள் போய் ஒரு கரண்ட் அடுப்பு வாங்கி வந்திருந்தார், பாத்திரம் வைத்தால் மட்டும் சூடாகிறதே, அந்த வகை. மேசை மேல் வைத்து, கருவிப் பையைத் திறந்து, எம்சீல் என்கிற ஒட்டும் பசையைப் பிசைந்து, பொத்தான்களின் மேல் சின்னச் சின்ன உருண்டைகளாக ஒட்டினார். பொங்கினாலும் தீ இல்லை, வாயு இல்லை. தொடங்க ஒரு உருண்டை, நிறுத்த இரண்டு. தன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவித் தடவி நிறுத்திப் பார்த்தார். ஒரு உருண்டை இடம் சரியில்லை என்று பிய்த்து மறுபடி ஒட்டினார்.

"நான் கொண்டுபோய்க் குடுக்கமாட்டேன்," என்றேன்.

"நீ போக வேண்டாம். நான் போறேன்."

அவர் போய் வர அரை மணி நேரம் ஆனது. அக்கா என்ன சொன்னார் என்று கேட்டேன். "பொத்தான் எல்லாத்தையும் ஒரு தடவ தொட்டுப் பாத்தாங்க. நிறுத்தறதுக்கு ரெண்டு உருண்ட எதுக்கு, ஒண்ணு பெருசா இருந்தாப் போதாதான்னு கேட்டாங்க. சரியான கேள்விதான்," என்றார்.

ஒன்பதாம் நாள் காலை எங்கள் கதவைத் தட்டும் சத்தம். கொள்ளேகால் அம்மா. நல்ல அரக்குப் பட்டு உடுத்தியிருந்தார்.

"ஆபீசுக்குப் போறேன் அம்மிணி. கூட வாங்க. கையெல்லாம் புடிக்க வேண்டாம். பக்கத்துல வந்தாப் போதும்."

மேலாளர் எங்களைப் பார்த்ததும், "பன்னி, பன்னி," என்று எழுந்து, வாங்க வாங்கவென்று கன்னடத்தில் வரவேற்றார். அம்மா நேராக நாற்காலியின் முதுகைப் பிடித்து உட்கார்ந்து, கன்னடத்தில், ஒரு தடவையும் தடுமாறாமல் எல்லாவற்றையும் சொன்னார். கேஸ் பற்றியும் சொன்னார். அதை விட்டுவிடுவார் என்று நான் நினைத்திருந்தேன்.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். "ரிஜிஸ்டர்ல நீங்க கோட்டுக்கு வெளிய கையெழுத்துப் போட ஆரம்பிச்சப்பவே எனக்குச் சந்தேகம்," என்றார். "கேக்கல. கேட்டா நான் எழுதியாகணும். எழுதினா நிர்வாகம் பதில் சொல்லியாகணும்."

"இப்ப எழுதுங்க," என்றார் கொள்ளேகால் அம்மா.

மேலாளரின் கண் கலங்கியிருந்தது. அம்மாவுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. நான் சொல்லவில்லை.

எங்கள் பத்து நாள் முடிந்து வீட்டுக்கு வந்தோம். விஜயநகர் வீடு அதே வீடுதான், ஆனால் சாப்பிடும்போது நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருப்பது எனக்குப் புதிதாகத் தெரிந்தது. நான் சேருவதைப் பற்றிப் பேசவில்லை. வாக்குக் கொடுத்திருந்தேன். மேலாளரிடமிருந்து போன் வர மூன்று வாரம் ஆனது. நிர்வாகம் ஒத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் நிபந்தனைகளோடு. கேஸ் கூடாது. காலையும் மாலையும் உதவிக்கு ஒரு பெண் வர வேண்டும், அதற்கு மகன் ஏற்பாடு செய்துவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபரிசீலனை. மகன் கோயம்புத்தூரிலிருந்து வந்து, அம்மா தன்னிடம் சொல்லவில்லையே என்று ஒரு நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். பிறகு வீட்டிலிருந்து கூடம் வரை கைப்பிடிக் கம்பி போட முடியுமா என்று கேட்டாராம்.

"கம்பி எந்த உயரத்துல போடறாங்களாம்?" என்றார் என் கணவர், பக்கத்திலிருந்து.

மறுநாள் காலை தனியாக பஸ் பிடித்துப் போய்விட்டார். திரும்பி வந்ததும், கம்பியைப் பற்றவைப்பவன் வளைவுகளில் முனையை அப்படியே விட்டிருக்கிறான், கையைக் கிழித்துவிடும் என்றார். அடுத்த வாரமும் போனார். அதற்கு அடுத்த வாரம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "வாராவாரம் போய் வர்றதுக்குப் பதிலா... இருபத்தி ரெண்டாம் நம்பர் வீடு காலியாத்தான் இருக்காம்," என்றார். அவர் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்தது அவ்வளவுதான். நான் மேலே ஒன்றும் கேட்காமல் ரசம் ஊற்றினேன்.

இங்கே வந்து ஆறு மாதம் ஆகிறது. எல்லாம் பிடித்திருக்கிறது என்று சொல்லமாட்டேன். பன்னிரண்டரைக்குச் சாப்பிட என்னால் இன்னும் முடியவில்லை. நூலகத்தில் தமிழ்ப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. எதிர் வீட்டுக்காரர் பக்திப் பாட்டை அளவுக்கு மீறிச் சத்தமாக வைக்கிறார். கொள்ளேகால் அம்மாவின் முதல் மறுபரிசீலனை போன மாதம் நடந்தது. டாக்டர் வந்தார், நடக்கச் சொன்னார், அடுப்பில் காப்பி போடச் சொன்னார். அம்மா அவருக்கும் ஒரு தம்ளர் கொடுத்துவிட்டு, சட்டைக் கையைத் தொட்டு, இது காட்டனில்லையே என்றாராம். இன்னும் ஆறு மாதம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று மேலாளரிடம் நான் கேட்கவில்லை. எப்படியும் அவருக்கும் தெரியாது.

சில நாட்களாக இன்னொன்றைப் பார்த்து வருகிறேன். சாப்பாட்டு மேசையில் பேராசிரியர் என் கணவருக்கு இடப் பக்கம் உட்கார்பவர். இப்போது சுற்றி வந்து வலப் பக்கம் உட்காருகிறார். பதினாலாம் நம்பர்காரரும் அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுந்து வலப் பக்கம் வந்து சொல்கிறார். நேற்று இரவு வீட்டில், அவர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தபோது, நான் அவருடைய இடது பக்கமாக நின்று மெதுவாகப் பேசிப் பார்த்தேன். அவர் பக்கத்தைத் திருப்பிக்கொண்டு படித்துக்கொண்டே இருந்தார்.